ஒரு மூடுவிழாவுக்கும் எங்களைக் கூப்பிடுங்கள்

திட்டங்களைத் தொடங்கி வைப்பவர்களுக்கும், தொடங்கி வைக்கக் காத்திருப்பவர்களுக்கும்,

வணக்கம்.

என்னை உங்களுக்குத் தெரியாது, தெரிந்திருக்க நியாயமும் இல்லை. ஓட்டுப் போடுவேன், வரி கட்டுவேன், வரிசையில் நிற்பேன். திறப்பு விழாவில் நீங்கள் கையசைக்கும்போது பின்வரிசையில் யாருடைய தோளுக்கு மேலாகவோ எட்டிப் பார்க்கும் தலைகளில் ஒன்று என்னுடையது.

திறப்பு விழாக்கள் எனக்குப் பிடிக்கும். கிண்டலுக்குச் சொல்லவில்லை. ரிப்பனின் இரண்டு முனைகளையும் பிடித்துக்கொண்டு நிற்பவர்களின் முகத்தில் தெரியும் கவலை, தட்டில் வைத்து நீட்டப்படும் கத்தரிக்கோல், அது ரிப்பனை வெட்டாமல் மடித்துக்கொண்டு விழிக்கும் அந்த இரண்டு நொடி. பக்கத்தில் நிற்பவர் அவசரமாக ரிப்பனை இழுத்துப் பிடிப்பார், ஒருவழியாக அறுந்து விழும், கைத்தட்டல் எழும். அந்தக் கத்தரிக்கோலை முந்தின நாள் யாரும் வெட்டிப் பார்ப்பதே இல்லை. உங்கள் மேல் எனக்கு வந்த சந்தேகமெல்லாம் அங்கேதான் தொடங்கியது என்று நினைக்கிறேன்.

ஆனால் இத்தனை வருடத்தில் ஒரு மூடுவிழாவுக்குக்கூட எனக்கு அழைப்பு வந்ததில்லை. "இந்தத் திட்டம் நினைத்தபடி நடக்கவில்லை, இன்றோடு நிறுத்துகிறோம்" என்று யாரும் மேடை போட்டுச் சொல்லி நான் கேட்டதில்லை. "வேலை முடிந்துவிட்டது, நன்றி, எல்லோரும் வீட்டுக்குப் போகலாம்" என்றும் கேட்டதில்லை. மூடுவிழா என்ற சொல்லையே நாம் கேலிக்குத்தான் வைத்திருக்கிறோம். ஒருமுறையாவது அதை நிஜமாக நடத்துங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

எனக்கு இந்த எண்ணம் வந்தது ஒரு கட்டத்தால். விண்ணப்பத்தில் இருக்குமே, அந்தக் கட்டம்.

ஒரு சான்றிதழுக்காக ஓர் அலுவலகத்தின் இணையதளத்தில் விண்ணப்பம் நிரப்பிக்கொண்டிருந்தேன். பெயர், பிறந்த தேதி, முகவரி எல்லாம் போட்டாயிற்று. அடுத்தது ஃபேக்ஸ் எண். பக்கத்தில் ஒரு சின்னச் சிவப்பு நட்சத்திரம். கட்டாயம் நிரப்ப வேண்டும் என்று அர்த்தம். என்னிடம் ஃபேக்ஸ் இயந்திரம் இல்லை. வைத்திருக்கும் யாரோடும் எனக்குப் பழக்கமும் இல்லை. காலியாக விட்டு அனுப்பினேன். பக்கம் மேலே ஏறி வந்து அந்தக் கட்டத்தைச் சிவப்பில் சுற்றிக் காட்டியது. 'இல்லை' என்று எழுதினேன். எண்கள் மட்டும்தான் எழுத வேண்டும் என்றது. ஒற்றைப் பூஜ்ஜியம் போட்டேன். பத்து இலக்கம் வேண்டும் என்றது. அடுத்து என்ன செய்வது என்று யோசிப்பதற்குள் நேரம் முடிந்துவிட்டதாகச் சொல்லி என்னை வெளியே தள்ளிவிட்டது.

மறுநாள் நேரில் போனேன். கவுன்டரில் இருந்த பெண்ணுக்கு என் மகள் வயதிருக்கும். நான் சொல்லி முடிப்பதற்குள்ளேயே சிரித்துவிட்டார்.

"பத்துப் பூஜ்ஜியம் போடுங்க சார். எல்லாரும் அதான் போடுவாங்க."

"அப்புறம் இந்தக் கட்டம் எதுக்கும்மா?"

"தெரியல சார். நான் வேலைக்கு வந்தப்பவே இருந்துச்சு."

"எடுத்துடலாமே?"

இதற்கு அவர் சிரிக்கவில்லை. ஒருமுறை பின்பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டு, "அதை யார் சொல்றது சார்?" என்றார்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அதையேதான் நினைத்துக்கொண்டு வந்தேன். அந்தக் கட்டத்தைச் சேர்க்கச் சொன்னவருக்கு ஒரு பதவி இருந்திருக்கும். கூட்டம் போட்டிருப்பார், சுற்றறிக்கை அனுப்பியிருப்பார். எடுக்கச் சொல்ல வேண்டியவருக்கு மட்டும் பதவி எதையும் யாரும் உருவாக்கவில்லை. எங்கோ ஒரு கணினியில் எங்கள் எல்லோருடைய பூஜ்ஜியங்களும் பத்திரமாக அடுக்கி வைக்கப்பட்டிருக்கின்றன. ஏதாவது ஓர் ஆண்டறிக்கையில் 'ஃபேக்ஸ் விவரம் அளித்தவர்கள்: நூறு சதவீதம்' என்று ஒரு வரி இருந்தால்கூட ஆச்சரியப்பட மாட்டேன்.

சரி, ஒரு கட்டத்துக்கு இவ்வளவு பெரிய கடிதமா என்று கேட்பீர்கள். கட்டம் சின்னதுதான். அதே குணம் பெரியவற்றிலும் இருக்கிறது. வருமான வரியை எடுத்துக்கொள்ளுங்கள்.

1799-ல் பிரிட்டனின் பிரதமர் வில்லியம் பிட், பிரான்சோடு நடந்த போருக்குப் பணம் வேண்டுமென்று அதைக் கொண்டுவந்தார். தற்காலிகம் என்றார்கள். 1802-ல் சமாதானம் வந்ததும் எடுத்தார்கள். மறுவருடமே போர் திரும்பியது, வரியும் கூடவே வந்தது. 1816-ல், நெப்போலியன் வாட்டர்லூவில் தோற்ற மறுவருடம், நாடாளுமன்றம் அதை ரத்து செய்தது. சும்மா ரத்து செய்யவில்லை; வரிக் கணக்குகளையெல்லாம் திரட்டி, துண்டு துண்டாக வெட்டி, கூழாக்கிவிடச் சொன்னது. மூடுவிழா என்றால் அதுதான் மூடுவிழா என்று படித்தபோது எழுந்து நின்று கைதட்டத் தோன்றியது. அடுத்த வரியைப் படித்ததும் உட்கார்ந்துவிட்டேன். அந்தக் கணக்குகளின் நகல்கள் ஏற்கெனவே இன்னோர் அலுவலகத்துக்குப் போய்ப் பத்திரமாக இருந்தனவாம்.

1842-ல் ராபர்ட் பீல் அந்த வரியை மறுபடி கொண்டுவந்தார். மூன்று வருடத்துக்கு மட்டும் என்றார். அந்த மூன்று வருடம் இன்னும் முடியவில்லை. இதில் அழகு என்னவென்றால், சட்டப்படி அது இன்றைக்கும் தற்காலிக வரிதான். ஒவ்வொரு வருடமும் ஏப்ரல் 5-ம் தேதியோடு காலாவதியாகிறது. ஒவ்வொரு வருடமும் நாடாளுமன்றம் அதற்குப் புதிதாக உயிர் கொடுக்கிறது.

ஜெர்மனிக்காரர்கள் கதை இன்னும் நன்றாக இருக்கும். 1902-ல், இரண்டாம் வில்ஹெல்ம் மன்னரின் போர்க்கப்பல்களுக்குப் பணம் சேர்க்க, நுரைக்கும் ஒயினுக்கு ஒரு வரி போட்டார்கள். முதல் உலகப் போர் முடிந்து சிறைபிடிக்கப்பட்டிருந்த அந்தக் கடற்படையை, 1919 ஜூன் 21 அன்று, ஸ்காட்லாந்தின் ஸ்காபா ஃப்ளோவில் அதன் மாலுமிகளே மூழ்கடித்தார்கள். கப்பல்கள் கடலடிக்குப் போயின, வரி போகவில்லை. 1933-ல் ஒருமுறை எடுத்துப் பார்த்தார்கள், 1939-ல் அடுத்த போருக்காகத் திரும்பவும் போட்டுவிட்டார்கள். மன்னர் இல்லை, பேரரசு இல்லை, இரண்டு போர்களும் முடிந்துவிட்டன. வரி இருக்கிறது.

வரியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சாலையும் பள்ளியும் மருத்துவமனையும் காற்றில் முளைப்பதில்லை. ஆனால் 'தற்காலிகம்' என்று ஒரு வார்த்தை சொல்லிக் கேட்டீர்களே, அந்த வார்த்தைக்கு யார் பொறுப்பு? "நாட்டை நடத்த இது வேண்டும், எப்போதும் வேண்டும்" என்று நேராகக் கேட்டிருந்தால் முணுமுணுத்துக்கொண்டே கட்டியிருப்போம். இப்போதும் அப்படித்தானே கட்டிக்கொண்டிருக்கிறோம்.

ஏன் எதுவும் மூடப்படுவதில்லை? வரிசையில் நிற்பவனுக்கு யோசிக்க நிறைய நேரம் கிடைக்கும். எனக்குத் தோன்றியதைச் சொல்கிறேன். தொடங்குகிறவருக்குக் கல்வெட்டில் பெயர் வருகிறது. மூடுகிறவருக்குக் கல்வெட்டு கிடையாது. மூடினால், தொடங்கியது தப்பு என்று யாரோ ஒப்புக்கொண்டதாக ஆகும்; அந்த யாரோ பெரும்பாலும் இன்னும் பதவியில்தான் இருப்பார். அப்புறம், ஒரு திட்டத்தால் லாபம் அடைகிறவர்கள் கொஞ்சம் பேர், ஆனால் ஆளாளுக்குக் கிடைக்கும் லாபம் பெரியது. அதைக் காப்பாற்ற அவர்கள் நேரில் வருவார்கள், ஆளைப் பிடிப்பார்கள், மனு கொடுப்பார்கள். செலவோ எங்கள் எல்லோர் தலையிலும் பொடிப்பொடியாக விழுகிறது. அந்தப் பொடிக்காக லீவு போட்டுவிட்டு யாரும் போராட வர மாட்டோம். இதில் சதி எதுவும் இல்லை. வெறும் கணக்குதான்.

பார்க்கின்சன் என்ற பிரிட்டிஷ் வரலாற்றாசிரியர் 1955-ல் இதற்குப் பக்கத்தில் வரும் ஒரு கணக்கைக் காட்டினார். 1914-ல் பிரிட்டனிடம் பணியில் இருந்த பெரிய போர்க்கப்பல்கள் 62. 1928-ல் 20. அதே காலத்தில் கடற்படைத் தலைமையகத்தின் அதிகாரிகள் 2,000-லிருந்து 3,569 ஆகப் பெருகியிருந்தார்கள். கப்பல்கள் ஏன் குறைந்தன என்று கோப்பு எழுதவும் ஆள் வேண்டுமல்லவா.

கோப்பு என்றதும் உங்கள் கடிதங்கள் நினைவுக்கு வருகின்றன. 'பரிசீலனையில் உள்ளது.' 'ஆவன செய்யப்படும்.' 'உரிய நடவடிக்கைக்காக அனுப்பி வைக்கப்பட்டுள்ளது.' 'குழு அமைக்கப்பட்டுள்ளது.' இவற்றில் எதிலும் செய்கிற ஆள் கிடையாது என்பதைக் கவனித்திருக்கிறீர்களா? செய்யப்படும், சரி, யாரால்? பள்ளிக்கூடத்தில் செயப்பாட்டுவினைப் பாடம் நடந்த அன்று நான் தூங்கிவிட்டேன். பிறகு உங்கள் கடிதங்களைப் படித்துத்தான் கற்றுக்கொண்டேன். 'தோல்வி' என்ற சொல்லும் உங்கள் அகராதியில் இல்லை. தோற்ற திட்டத்துக்கு 'இரண்டாம் கட்டம்' வரும். அதுவும் தோற்றால் 'மறுசீரமைப்பு'. அதுவும் சரிப்படாவிட்டால் பெயரை மாற்றிவிடுவீர்கள். பெயரை மாற்றினால் மறுபடி ஒரு திறப்பு விழா வைக்கலாம் என்பது எனக்குத் தாமதமாகத்தான் புரிந்தது.

திட்டம் தோற்றுவிட்டது என்பதை எப்படித்தான் கண்டுபிடிப்பது? நீங்கள் எண்ணிக்கையைக் காட்டுவீர்கள். எண்ண எளிதாக இருப்பதை எண்ணுவது ஒரு பழைய பழக்கம். 1696-ல் இங்கிலாந்தில் ஜன்னல்களுக்கு வரி போட்டார்கள். ஆட்களின் வருமானத்தைத் துருவிக் கேட்பது அநாகரிகம் என்று நினைத்த காலம். ஜன்னல் என்றால் தெருவில் நின்றே எண்ணிவிடலாம், வசதியானவர் வீட்டில் நிறைய ஜன்னல் இருக்கும், நியாயமாகவும் இருக்கும். யோசனை மோசமில்லை. மக்கள் ஜன்னல்களைச் செங்கல் வைத்து அடைத்தார்கள். காற்றும் வெளிச்சமும் இல்லாமல் நோய் வருகிறது என்று மருத்துவர்கள் கத்தினார்கள். வரியை எடுத்தது 1851-ல். கணக்குப் போட்டால் 155 வருடம். அடைத்த ஜன்னல்களை இன்றும் சில பழைய கட்டிடங்களில் பார்க்கலாம்.

1902-ல் வியட்நாமின் ஹனோய் நகரத்தில், அப்போது அதை ஆண்டுகொண்டிருந்த பிரெஞ்சுக்காரர்கள் எலி ஒழிக்கப் புறப்பட்டார்கள். அவர்கள் பெருமையோடு கட்டிய பாதாளச் சாக்கடைதான் எலிகளுக்கு மாளிகையாக அமைந்திருந்தது. எலி வாலைக் கொண்டுவந்து கொடுத்தால் காசு என்று அறிவித்தார்கள். முழு எலியையும் வாங்கினால் எங்கே புதைப்பது? வால் என்றால் எண்ணவும் சுலபம். வால்கள் வந்து குவிந்தன. கொஞ்ச நாளில் ஊருக்குள் வாலில்லாத எலிகள் ஓடுவதைப் பார்த்தார்கள். வாலை மட்டும் நறுக்கிக்கொண்டு எலியை விட்டுவிட்டால் அது குட்டி போடும், குட்டிகளுக்கும் வால் இருக்கும். ஊருக்கு வெளியே எலிப் பண்ணைகளே நடப்பது தெரிந்த பிறகுதான் காசு கொடுப்பதை நிறுத்தினார்கள். ஏட்டில் பார்த்தால் அது ஒரு மகத்தான வெற்றி. எலிகளைக் கேட்டாலும் அதையேதான் சொல்லியிருக்கும்.

இதுகூட வேடிக்கையாகச் சொல்லிவிடலாம். 1958-ல் சீனாவில் நடந்ததை அப்படிச் சொல்ல முடியாது. எலி, ஈ, கொசு, சிட்டுக்குருவி என்று நான்கு எதிரிகளை அறிவித்தார்கள். குருவி தானியத்தைத் தின்கிறது, அதனால் எதிரி. மக்கள் கூட்டம் கூட்டமாக வெளியே வந்து தட்டையும் பறையையும் தட்டிக்கொண்டே இருந்தார்கள். உட்கார இடமில்லாமல் பறந்து பறந்து களைத்துக் குருவிகள் வானத்திலிருந்து விழுந்தன. குருவி பூச்சிகளையும் தின்னும் என்று பறவைகளை ஆராய்ந்தவர்கள் சொன்னது காதில் ஏறவில்லை. குருவி போனதும் பூச்சிகளுக்குக் கொண்டாட்டம். பயிர் அழிந்தது. அதற்குள் அந்நாட்டைப் பெரும் பஞ்சம் பிடித்திருந்தது. அந்தப் பஞ்சத்துக்கு வேறு பல காரணங்களும் உண்டு; ஆனால் குருவிக்கும் அதில் பங்கு இருந்தது.

இந்தக் கதையில் என்னை அதிகம் உறுத்துவது இதற்கு அடுத்து வருவது. 1960-ல் குருவியை எதிரிகள் பட்டியலிலிருந்து எடுத்தார்கள். பட்டியலை மூன்றாகக் குறைக்கவில்லை. குருவி இருந்த இடத்தில் மூட்டைப்பூச்சியைப் போட்டார்கள். எதிரிகள் நான்கு என்று அறிவித்தாயிற்று, நான்காகவே இருக்கட்டும். தப்பு நடந்தது என்று ஒரு வார்த்தை சொல்லாமலே தப்பைத் திருத்தும் வித்தை இது. அந்த வித்தையை நான் எத்தனையோ சுற்றறிக்கைகளில் பார்த்திருக்கிறேன். ஃபேக்ஸ் கட்டத்தை எடுக்கச் சொன்னால் அந்த இடத்தில் வேறு ஏதாவது ஒரு கட்டத்தை வைப்பீர்களோ என்று பயமாகவும் இருக்கிறது.

கொஞ்சம் இருங்கள். எதுவுமே மூடப்படுவதில்லை என்று மேலே சொன்னேன் இல்லையா, அது முழு உண்மை இல்லை. சில விஷயங்கள் சத்தமில்லாமல் மூடப்படுகின்றன. கடைசிப் பேருந்து ஒருநாள் வராமல் போகும். தூரத்துப் பள்ளியில் பிள்ளைகள் குறைந்துவிட்டார்கள் என்று பூட்டு விழும். நூலகத்துக்கு வாரத்தில் மூன்று நாள் விடுமுறை என்பார்கள், பிறகு ஐந்து நாள் என்பார்கள். மனு எழுதத் தெரியாதவர்கள், ஆளைப் பிடிக்க வழியில்லாதவர்கள் நம்பியிருந்தவை இவை. இவற்றுக்கும் மேடை போட்டு யாரும் விளக்கம் சொன்னதில்லை. ஆகவே "எல்லாவற்றையும் இழுத்து மூடு, அரசே வேண்டாம்" என்று மேஜையைத் தட்டிப் பேசுகிறவர்களையும் நான் நம்புவதில்லை. அவர்கள் கையில் சாவியைக் கொடுத்தால் முதலில் எந்தக் கதவை மூடுவார்கள் என்று எனக்குத் தெரியும்.

எங்கள் யோக்கியதையையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் அநியாயம். புதிதாக ஒன்று அறிவித்தால் கைதட்டுவது நாங்கள்தான். "ஏற்கெனவே இருப்பதை ஒழுங்காக நடத்துவேன், இரண்டை மூடுவேன்" என்று ஒருவர் தேர்தலில் நின்றால் அவருக்கு நான் ஓட்டுப் போடுவேனா? போடுவேன் என்று இங்கே எழுதலாம், எழுதுவதற்குச் செலவில்லை. அதோடு எங்கள் தீர்ப்பு எப்போதும் சரியாகவும் இருப்பதில்லை. ஸ்வீடனில் வண்டிகள் சாலையின் இடப்பக்கம் போய்க்கொண்டிருந்தன. வலப்பக்கத்துக்கு மாறலாமா என்று 1955-ல் மக்களைக் கேட்டார்கள். நூற்றுக்கு 83 பேர் வேண்டாம் என்றார்கள். அரசு சில வருடம் பேசாமல் இருந்துவிட்டு, 1967 செப்டம்பர் 3-ம் தேதி அதிகாலையில் நாட்டையே வலப்பக்கத்துக்கு மாற்றிவிட்டது. எதுவும் இடிந்து விழவில்லை. அந்த 83 பேரில் நானும் ஒருவனாகத்தான் இருந்திருப்பேன்.

நிஜமான மூடுவிழாக்களும் உலகத்தில் நடந்திருக்கின்றன. அதைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் வந்தேன்.

பெரியம்மை ஒழிப்பை நினைத்துப் பாருங்கள். உலக சுகாதார நிறுவனம் 1967-ல் அதைத் தீவிரப்படுத்தியது. இயற்கையாக அந்த நோய் தொற்றிய கடைசி மனிதர் 1977-ல் சோமாலியாவில் இருந்தார். அதோடு மாலை போட்டுக்கொள்ளவில்லை. இரண்டு வருடத்துக்கு மேல் இன்னும் எங்காவது ஒளிந்திருக்கிறதா என்று தேடினார்கள். 1980 மே மாதம், இல்லை என்று அறிவித்தார்கள். பிறகு எல்லோருக்கும் அம்மை குத்துவதையும் நிறுத்தினார்கள். வேலை முடிந்தது என்பதை நிரூபிப்பதும் வேலையின் ஒரு பகுதி என்று நினைத்த ஆட்கள் அவர்கள்.

ஜப்பானில் நடந்தது இதைவிடச் சின்ன விஷயம், ஆனால் என் மனதுக்கு நெருக்கமானது. அரசுக்குக் கொடுக்க வேண்டிய பலவற்றை, அந்தக் காலத்துக் கணினிச் சேமிப்புத் தட்டான ஃபிளாப்பி டிஸ்கில் கொடுக்க வேண்டும் என்று அங்கே விதிகள் இருந்தன. சோனி நிறுவனம் ஃபிளாப்பி விற்பதை நிறுத்தியதே 2011-ல். விதிகள் மட்டும் நின்றுகொண்டிருந்தன. டாரோ கோனோ என்ற அமைச்சர் அவற்றைத் தேடிப் பிடித்து எண்ணினார்: 1,034 விதிகள். 2024 ஜூன் மாதத்துக்குள், பழைய வாகனங்களை மறுசுழற்சி செய்வது சம்பந்தப்பட்ட ஒன்றைத் தவிர, எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, போரில் வென்றதாகவே அறிவித்தார். அரசாங்கம் ஒன்று தன் பழைய குப்பையைத் தானே எண்ணிப் பார்த்து, வெளியே சொல்லி, வீசியிருக்கிறது. எனக்குக் கிட்டத்தட்டக் கண் கலங்கியது. ஆனால் இதே கோனோ 2021-ல் அரசு அலுவலகங்களிலிருந்து ஃபேக்ஸை விரட்டப் பார்த்திருக்கிறார். துறைகளிலிருந்து நூற்றுக்கணக்கில் ஆட்சேபனைகள் வந்து குவிந்தன, பின்வாங்கிவிட்டார். ஃபிளாப்பியை வென்றவரே ஃபேக்ஸிடம் தோற்றிருக்கிறார் என்றால், கவுன்டரில் இருந்த அந்தப் பெண் பின்பக்கம் திரும்பிப் பார்த்ததில் தப்பில்லை.

எனக்கு ரொம்பப் பிடித்தது ஸ்வீடனின் தலைநகர் ஸ்டாக்ஹோம் கதை. நகர மையத்துக்குள் கார் நுழைந்தாலும் வெளியேறினாலும் கட்டணம், வார நாட்களில், பகலில். கேமரா வண்டி எண்ணைப் படித்துக்கொள்ளும். அறிவித்தபோது பெரும்பாலானவர்களுக்கு எரிச்சல். என்ன செய்தார்கள் தெரியுமா? 2006 ஜனவரி 3-ல் தொடங்கி ஜூலை 31 வரைக்கும் மட்டும் சோதனை என்றார்கள். நெரிசல் கண்ணுக்குத் தெரிந்தே குறைந்தது. எல்லையைக் கடந்த வண்டிகளில் ஐந்தில் ஒரு பங்கு காணாமல் போயிற்று. நம் வழக்கப்படி என்றால் இந்த இடத்தில் "சோதனை மாபெரும் வெற்றி, ஆகவே தொடர்கிறது" என்று ஓர் அறிக்கை வந்திருக்கும். அவர்கள் ஜூலை 31 அன்று நிஜமாகவே நிறுத்திவிட்டார்கள். வண்டிகள் பெரும்பாலும் திரும்பி வந்தன, நெரிசலும் வந்தது. இருந்தால் எப்படி, இல்லாவிட்டால் எப்படி என்று இரண்டையும் சொந்தக் கண்ணால் பார்த்துவிட்டு, செப்டம்பரில் மக்கள் ஓட்டுப் போட்டார்கள். நகரத்தில் பாதிக்குச் சற்று மேலே இருந்தவர்கள் வேண்டும் என்றார்கள். சுற்றியிருந்த சில நகராட்சிகள் தாங்களாகவே வாக்கெடுப்பு நடத்தின; அங்கே பெரும்பாலும் வேண்டாம் என்றுதான் வந்தது. அதே நாள் பொதுத்தேர்தலில் ஆட்சியும் மாறியது. இந்தக் கட்டணத்தை எதிர்த்துக்கொண்டிருந்தவர்கள்தான் ஆட்சிக்கு வந்தார்கள். 2007 ஆகஸ்டில் அவர்களே அதைத் திரும்பக் கொண்டுவந்தார்கள்.

முடிவுத் தேதியை எழுதி வைப்பது மட்டும் போதாது என்று எனக்கும் தெரியும். பிரிட்டனின் வருமான வரிக்கும்தான் ஒவ்வொரு ஏப்ரலிலும் முடிவுத் தேதி வருகிறது. அமெரிக்காவில் டெக்சஸ் மாநிலம் 1977-ல் ஒரு சட்டம் போட்டது: அரசுத் துறைகளைப் பொதுவாகப் பன்னிரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஆராய்வார்கள், சட்டமன்றம் வேண்டும் என்று மறுபடி சொல்லாவிட்டால் அந்தத் துறை தானாகக் கலைந்துவிடும். கலைந்தவையும் உண்டு, ஆனால் பெரும்பாலானவை பிழைத்துக்கொண்டன. பரவாயில்லை. "நீ ஏன் இருக்கிறாய்?" என்று ஒருவர் கேட்டார் என்பதே பெரிய காரியம். ஸ்டாக்ஹோமில் இருந்தது அதற்கும் ஒருபடி மேலே. கேட்டதோடு விடாமல் நிறுத்தியும் பார்த்தார்கள்.

அதனால்தான் கேட்கிறேன். அடுத்த திறப்பு விழாவில் கல்வெட்டு வைக்கும்போது உங்கள் பெயருக்குக் கீழே இன்னும் இரண்டு வரி பொறிக்கச் சொல்லுங்கள். இந்தத் திட்டம் எந்தத் தேதிக்குள் என்ன செய்திருக்க வேண்டும் என்பது ஒரு வரி. செய்யாவிட்டால் அதை எங்கள் முன்னால் வந்து யார் சொல்வார் என்பது இன்னொன்று. கல்லில் இடம் இல்லை என்றால் வரவேற்புக் குழுவின் பெயர்களைக் கொஞ்சம் குறைக்கலாம். நிறுத்தினால் யாருடைய உயிரும் வயிறும் பாதிக்கப்படாத திட்டமாக இருந்தால், ஒரு மாதம் நிறுத்திப் பாருங்கள். யாருமே கவனிக்கவில்லை என்றால் அதுவே ஒரு தகவல். பத்தாம் நாளே நாங்கள் கூட்டமாக வந்து வாசலில் நின்றால், அப்போது தைரியமாக நிரந்தரம் என்று சொல்லுங்கள். நாங்களே கைதட்டுகிறோம்.

தவறு நடந்தால் தோரணம் கட்டிச் சொல்ல வேண்டும் என்று கேட்கவில்லை. "நல்லது என்று நினைத்துத்தான் செய்தோம், சரிப்படவில்லை" என்று சாதாரணமாகச் சொல்லலாம். வீட்டில் நாங்கள் தினமும் சொல்லிக்கொள்கிற வாக்கியம்தான். யாரும் எங்களைக் குடும்பத்தலைவர் பதவியிலிருந்து இறக்கிவிடவில்லை.

முதல் மூடுவிழாவுக்கு என்னிடம் ஒரு யோசனை இருக்கிறது. பெரிதாக எதுவும் வேண்டாம், அந்த ஃபேக்ஸ் கட்டம் போதும். ரிப்பன் நான் வாங்கி வருகிறேன். கத்தரிக்கோலும் நானே கொண்டுவருகிறேன், முந்தின நாள் வெட்டிப் பார்த்துவிட்டு. கவுன்டரில் இருக்கும் அந்தப் பெண்ணையே வெட்டச் சொல்லலாம்.

பதில் எழுத வேண்டும் என்று தோன்றினால் என் ஃபேக்ஸ் எண் உங்களிடமே இருக்கிறது: 0000000000.

இப்படிக்கு,
பின்வரிசையில் நின்று எட்டிப் பார்க்கும் ஒருவன்